அமிர்தம் பூட்டி வைத்த பெயர்கள்

அமிர்தம் யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் ஊற்றுகிற பாலை நம்பமாட்டாள். டாக்டர் 'ஒண்ணுமில்ல, போங்க' என்றால் அதை நம்பவே மாட்டாள். பக்கத்து வீட்டில் வலியக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால், குழம்பை வாங்கிக்கொண்டு கொடுத்தவள் முகத்தை அரை நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்தச் சந்தேகம்தான். அதை வைத்துத்தான் இத்தனை காலம் பிழைத்தாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவள் குடியிருந்த சந்துக்காரர்கள், அவள் சிதம்பரத்தில் ஏதோ மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் அவள் சொல்லி வைத்திருந்தாள். தினமும் காலையில் கடலூரிலிருந்து பஸ் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி நடப்பாள். கடலூரில் கட்டுகிற புடவையைச் சிதம்பரத்தில் கட்டமாட்டாள். "உங்களுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ ஜாக்கிரதை? நீங்கதான் தொழில விட்டுட்டீங்களே" என்று ஒருத்தி ஒருநாள் கேட்டாள். "நான் விட்டுட்டேன்டி. அது என்னை விட்டுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அமிர்தம்.

அவளுக்குச் சொந்த ஊர் திருவதிகை. முந்திரிக் கொல்லையும் நாலு பலா மரமும் வைத்திருந்த குடும்பம். கடலூரில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் ஆறே வருஷத்தில் வேறொருத்தியோடு திருப்பூர் போய்விட்டான். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அமிர்தம் தொழில் செய்தாள். அதை அவள் யாரிடமும் அழுதுகொண்டு சொன்னதில்லை. அவள் அழுதது வேறொரு விஷயத்துக்கு. தொழிலுக்கு வந்த புதிதில், விவரம் தெரியாமல், ஒரு லாட்ஜ் நோட்டில் தன் சொந்தப் பேரையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதை எவனோ பார்த்துவிட்டு, திருவதிகைக்கே போய் அவள் அண்ணன் வாசலில் நின்று கத்தினான். அன்றோடு அந்த வீட்டுக் கதவு அவளுக்கு அடைத்துப் போயிற்று. அம்மா செத்தபோது தெரு முனையோடு திருப்பி அனுப்பினார்கள். கோயில் பக்கம் நின்று பாடை போவதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு பஸ் ஏறினாள்.

காகிதத்தில் பேர் ஏறக்கூடாது. இதுதான் அமிர்தம் கற்ற பாடம். எட்டு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனம், தொழில் செய்யும் பெண்களுக்கு எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை, காண்டம், டாக்டர், வக்கீல் என்று ஒரு ப்ராஜெக்ட் தொடங்கி, அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் முதலில் கேட்டதும் அதைத்தான். "எங்க பேரை எங்க எழுதுவீங்க?" ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு நம்பர்தான் என்றார்கள். நம்பருக்குரிய பேர் ஒரே ஒரு நோட்டில் இருக்கும். நோட்டு இரும்பு பீரோவில் இருக்கும். சாவி கவுன்சிலரிடம் இருக்கும். அந்த பீரோவை இழுத்துப் பார்த்து, பூட்டை ஆட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சேர்ந்தாள்.

அறுபத்திரண்டு பெண்கள் அவள் பொறுப்பில் இருந்தார்கள். இப்போது தெருவில் நின்று தொழில் செய்கிறவர்கள் அநேகமாக இல்லை. எல்லாம் போன். ஆளுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். யாருக்கு எந்த மாசம் என்று ஞாபகம் வைத்துக் கூப்பிட வேண்டியது அமிர்தத்தின் வேலை. மற்றவர்கள் இதற்கு டைரி வைத்திருந்தார்கள். அமிர்தம் டைரியைத் தொடமாட்டாள். அவளுக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் நம்பரைப் போடும்போது பேர், ஊர், அதன் பக்கத்திலேயே ரத்தம் பார்க்க வேண்டிய மாசம். ஜூனில் பார்க்க வேண்டியவள் என்றால் 'ரத்தம் ஜூன்'. பார்த்து முடித்தால் 'ரத்தம் டிசம்பர்' என்று மாற்றிவிடுவாள். போனுக்கு ஆறு இலக்கப் பூட்டு. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. "நோட்டு வச்சிருக்கவளுங்க எல்லாம் ஒருநாள் மாட்டுவாளுங்க, பாரு" என்பாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணை எவனோ ஒருத்தன் பேரை மாற்றிச் சொல்லி வரவழைத்து, அடித்து, காதில் கிடந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனான். அன்றைக்கு அமிர்தம் ஒரு சட்டம் போட்டாள். புது நம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும், போவதற்கு முன் அந்த நம்பரை அவளுக்கு அனுப்ப வேண்டும். கூப்பிடுகிறவன் பேரைக் காட்டுகிற ஆப் ஒன்றை அவள் போனில் ஏற்றிக்கொண்டாள். குமார் என்று சொன்னவன் அதில் 'ஃபைனான்ஸ் ரவுடி பாபு' என்று வருவான். "போகாத" என்று ஒரு வார்த்தை அனுப்புவாள். இப்படி நாலைந்து பேரைத் தடுத்திருக்கிறாள். நிஜமாகவே தடுத்திருக்கிறாள், அதை இல்லையென்று சொல்ல முடியாது. அந்த ஆப்பை ஏற்றும்போது அது என்னென்னவோ அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினாள். மனுஷர்களிடம்தான் அவளுக்குச் சந்தேகம். மெஷினிடம் அவள் சந்தேகப்பட்டதில்லை.

பிப்ரவரி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல், தமிழ்ச்செல்வி கூப்பிட்டாள். கம்மாபுரத்துக்காரி, முப்பத்துமூணு வயது. புருஷன் நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலை. வேலைக்குப் போகிற நாளைவிடக் குடிக்கிற நாள் ஜாஸ்தி. ரெண்டு பெண் குழந்தைகள். சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வாரத்தில் மூன்று நாள் வருவாள். இங்கே அவள் பேர் ரம்யா. மாமியார்க்காரி, எப்போது ஒரு காரணம் கிடைக்கும், எப்போது இவளைத் துரத்திவிட்டுப் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள்.

"அக்கா, ஒருத்தன் கூப்பிட்டான்க்கா. ஏன் ரம்யான்னு பொய் சொல்ற, நீ கம்மாபுரம் தமிழ்ச்செல்விதானேங்கிறான்."

"யாருடி அவன்? ஊர்க்காரனா?"

"இல்லக்கா. கொரலே தெரியல. அதோட விட்டானா, ஜூன் மாசம் ரத்தம் பாக்கணுமாமே, இன்னா வியாதி ஒனக்குன்னு கேக்குறான். நான் கூப்பிடும்போதெல்லாம் வரணும், இல்லாட்டி கம்மாபுரத்துக்கே வந்து ஒன் வீட்ல விசாரிப்பேங்கிறான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலக்கா."

பேர் தெரிந்திருக்கிறது, ஊர் தெரிந்திருக்கிறது. அதைக்கூட எவனாவது பின்னால் போய்த் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் ஜூன் மாசம் ரத்தம் பார்க்க வேண்டும் என்பது? பூட்டிய அவள் போனை விட்டால், அது பீரோவுக்குள் இருக்கிற நோட்டில் மட்டும்தானே இருக்கிறது? "நம்பரை அனுப்பு. அவன்கிட்ட போவாத. போனையும் எடுக்காத. நான் பாத்துக்குறேன்" என்றாள். அவன் நம்பருக்கு ஆப்பில் பேர் எதுவும் வரவில்லை.

ஒரு வாரத்தில் இன்னும் ரெண்டு பேருக்கு இதே மாதிரி அழைப்பு வந்தது. சொந்தப் பேர், ஊர். அமிர்தம் கணக்குப் போட்டாள். நோட்டைத் திறக்கக்கூடியவர்கள் ரெண்டே பேர். ஒருவர் மேனேஜர் உமாசங்கர். எட்டு வருஷமாகப் பார்த்துப் பழகியவர். இன்னொருத்தி கவுன்சிலர் பிரீதா. வந்து ஐந்து மாசம்தான் ஆகிறது. சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் வீடு, கோயிலை ஒட்டி வாழ்கிற குடும்பம், இருபத்தாறு வயது. படித்த பெண்ணுக்கு ஊரில் வேறு வேலையா இல்லை? இவள் ஏன் இங்கே வந்தாள்? அமிர்தத்தின் மனசில் அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் பிரீதா என்ன செய்தாலும் அது பதிலாகவே தெரிந்தது. பெண்களிடம் அவள் மெதுவாகப் பேசினால், பேச்சுக் கொடுத்து விஷயம் பிடுங்குகிறாள். போன் வந்து வெளியே போனால், யாருக்கோ தகவல் சொல்லப் போகிறாள். டீ வாங்கித் தந்தால், காக்கா பிடிக்கிறாள்.

மூன்று வாரம் அமிர்தம் அவளைக் கவனித்தாள். ஒருநாள் மத்தியானம் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது பிரீதா பீரோவைத் திறந்து, ஒரு நோட்டை மேஜைமேல் விரித்து, பக்கம் பக்கமாகப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அமிர்தம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கூடத்தில் அன்றைக்குப் பதினாலு பெண்கள் மாசக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினாள்.

"யாருக்கு அனுப்புற எங்க பேரை? எவ்ளோ பேருக்கு அனுப்பின?"

பிரீதா திடுக்கிட்டு எழுந்தாள். "அமிர்தம்க்கா, இது மாச ரிப்போர்ட்டுக்கு. கோடு நம்பர் நோட்டுக்கா, இதுல பேரே இல்ல. பாருங்களேன்."

அமிர்தம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கூடத்திலிருந்து தமிழ்ச்செல்வி எழுந்து வந்தாள். பிரீதாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒங்களுக்கு நான் இன்னா பண்ணேன் மேடம்?" பிரீதாவுக்குக் கண்ணீர் வந்தது. பார்த்தியா, உண்மை கொட்டுது என்று அமிர்தம் நினைத்தாள். விசாரித்து முடிக்கும்வரை வர வேண்டாம் என்று உமாசங்கர் சொன்னார். பிரீதா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தோடு முடிந்தது என்று அமிர்தம் நினைத்தாள். முடியவில்லை. ஏப்ரலில் மறுபடியும் ஐந்தாறு பேருக்கு அழைப்பு வந்தது. பிரீதா எல்லாவற்றையும் முன்பே கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று அமிர்தம் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஒருவேளை உமாசங்கரும் கூட்டோ? பெருக்க வருகிற அம்மா அந்த பீரோ பக்கமே ஏன் அவ்வளவு நேரம் பெருக்குகிறாள்? இவள் சந்தேகப்படச் சந்தேகப்பட, பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஆபீசுக்கு வந்தால்தானே பேர் வெளியே போகிறது, வராமலே இருந்துவிடலாம் என்பது அவர்கள் நியாயம். ஏப்ரல் முகாமில் ரத்தம் பார்க்க இருபது பேர்கூட வரவில்லை. காண்டம் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தது. தமிழ்ச்செல்வி போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டாள். அவள் கம்மாபுரத்தில் இருக்கிறாளா, சிதம்பரம் வருகிறாளா, எதுவும் தெரியவில்லை.

மே மாசம், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், அமிர்தம் அன்பரசு ஆட்டோவில் அண்ணாமலை நகர் போய்க்கொண்டிருந்தாள். அன்பரசு இந்தப் பெண்களை ஏற்றி இறக்குகிறவன். யார், எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டான். அவனையும் அமிர்தம் நம்பியதில்லை. ஆனால் அவனைவிட நல்ல ஆட்டோவும் கிடைத்ததில்லை. ஹேண்டில் பக்கத்தில் மாட்டியிருந்த அவன் போன் அடித்தது. திரையில் எழுத்து ஓடியது.

விருத்தாம்பாள் பெரியபட்டு ரத்தம் செப்டம்பர்.

"சொல்லும்மா ஸ்வாதி. ஒரு அரமணி நேரத்துல வர்றேன்" என்று அன்பரசு பேசிவிட்டு வைத்தான். ஸ்வாதி என்பது விருத்தாம்பாளின் தொழில் பேர். பிரீதா போனதற்குப் பிறகுதான் அவள் ப்ராஜெக்டில் சேர்ந்தாள். அவள் பேரைப் பிரீதா கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"வண்டிய நிறுத்து அன்பு." "அந்தப் பேரு… அத நீயா போட்டு வச்ச?"

"எதுக்கா? இந்தப் பொண்ணு பேரா? நான் நம்பரே சேவ் பண்ணலியே. இதுல ஒரு ஆப் இருக்குக்கா, அதுவே காட்டும். யாராவது அவுங்க போன்ல இன்னான்னு போட்டு வச்சிருக்காங்களோ அத எடுத்துக்கும். அப்புறம் எல்லாருக்கும் அப்படியே காட்டும்." அவன் சிரித்துக்கொண்டே திரும்பினான். "நல்ல பொண்ணுக்கா. ரத்த தானமெல்லாம் பண்ணும் போலருக்கு. மாசம் போட்டு வச்சிருக்காங்க பாருங்க."

அவன் போனில் இருந்தது இவள் போனில் இருக்கிற அதே ஆப். அமிர்தம் இறங்கி, ரோட்டோரம் ஒரு புங்க மரத்தடியில் நின்றாள். அன்பரசுவிடம் போனை வாங்கி ஒவ்வொரு நம்பராக அடித்துப் பார்த்தாள். அவள் போட்டு வைத்தது அப்படியே வந்தது. பேர், ஊர், ரத்தம், மாசம். அறுபத்திரண்டு பேரையும் பூட்டி வைத்திருக்கிறேன் என்று மார்தட்டிய போனிலிருந்து, ஊரில் அந்த ஆப் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அவள் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். எவனோ லாட்ஜ் நோட்டைப் படித்துவிட்டு அவள் அண்ணன் வாசலுக்குப் போனான். இவளோ அறுபத்திரண்டு வாசலுக்கும் வழி சொல்லியிருக்கிறாள்.

கடைசியாகத் தன் நம்பரை அடித்துப் பார்த்தாள். 'காண்டம் அக்கா' என்று வந்தது. யாரோ ஒருத்தி பிரியமாகப் போட்டு வைத்த பேர்தான். மஞ்சக்குப்பத்தில் அவள் சந்தில் எத்தனை பேர் போனில் அந்த ஆப் இருக்கிறதோ, அவள் மருந்து கம்பெனிக் கதை எத்தனை நாளாகச் சிரிப்பாய்ச் சிரிக்கிறதோ! குழம்பு கொடுத்தவள் முகம் ஞாபகம் வந்தது. ஆனால் அன்றைக்கு அதற்காக வெட்கப்பட அமிர்தத்துக்கு நேரம் இல்லை.

நேராகப் பிரீதா வீட்டுக்குப் போனாள். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம், அன்றைக்கு மீறினாள். கதவைத் திறந்தது பிரீதாவின் அம்மா சாரதாம்பாள். "யாரும்மா? எங்கேருந்து வர்றீங்க?" என்று மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை அமிர்தத்துக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவளே எல்லாரையும் பார்க்கிற பார்வை. "ஆஸ்பத்திரி ஸ்டாஃப்மா" என்றபடி பிரீதா வந்து அவளை மாடிக்கு அழைத்துப் போனாள். அவளும் வீட்டில் ஒரு கதைதான் சொல்லி வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அமிர்தத்துக்குப் புரிந்தது.

அமிர்தம் எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "நாக்கப் புடுங்கிக்கிலாம் போலருக்கு மேடம்" என்றாள். "பதினாலு பேர் முன்னாடிக்கா" என்றாள் பிரீதா. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு போனை வாங்கி என்னென்னவோ தேடிப் பார்த்தாள். "உங்க போன்ல அழிச்சா மட்டும் போகாது. அவங்கவங்க நம்பர்லேருந்து அவங்கவங்களே அந்த ஆப்புக்குப் பேரை எடுக்கச் சொல்லணும். ஓடிபி வரும். அதைப் போட்டாத்தான் போகும்."

"அப்போ எல்லார்கிட்டயும் சொல்லணுமா?"

"சொல்லாம எப்படிக்கா?"

சொல்லாமல் செய்துவிடலாம் என்று அமிர்தம் நினைத்தாள். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்று சாயங்காலம் விருத்தாம்பாளைக் கூப்பிட்டு, "ஆபீஸ்ல புது ரூல்டி. ஒனக்கு ஒரு ஓடிபி வரும். அத எங்கிட்ட சொல்லு" என்றாள். "சாமியே நேர்ல வந்து கேட்டாலும் ஓடிபி சொல்லாதன்னு நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் விருத்தாம்பாள். அமிர்தத்துக்கு அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. "சரியாச் சொன்னடி. சொல்லாத. நேர்ல வர்றேன்" என்று வைத்தாள்.

பதினெட்டு நாள் ஆனது. பஸ் ஸ்டாண்டிலும், ஜூஸ் கடையிலும், பரங்கிப்பேட்டை ரோட்டிலும் ஒவ்வொருத்தியாகப் பார்த்து, நான்தான் செய்தேன், பிரீதா மேடம் இல்லை என்று சொல்லிச் சொல்லி, அவர்கள் கையாலேயே பேரை எடுக்க வைத்தாள். ஒருத்தி காறித் துப்பினாள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி, "போனாப் போவுது, அழுவாதக்கா" என்று அவள் முதுகைத் தடவினாள். அதுதான் தாங்க முடியவில்லை. நடந்ததை உமாசங்கரிடமும் எழுதிக் கொடுத்தாள். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் போனில் யார் பேரும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். இருக்கவும் இல்லை. அறுபத்தோரு பேரையும் அழித்தாகிவிட்டது. தமிழ்ச்செல்வி ஒருத்திதான் பாக்கி.

விருத்தாம்பாள் மூலம் சேதி போய், தமிழ்ச்செல்வி ஒருநாள் பகல் பதினோரு மணிக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், விருத்தாசலம் பஸ் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். அமிர்தம் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். போனை உயிர்ப்பித்து, ஓடிபியைப் போட்டு, தன் பேரை எடுத்தாள். பிறகு, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்த ஆளுகிட்ட நான் போனேன்க்கா."

"நான்தான் போவாதன்னு…"

"கம்மாபுரம் கடத்தெரு வரைக்கும் வந்துட்டான். அங்க நின்னுக்கிட்டு போன் பண்றான். புள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம். நான் இன்னா பண்றது? மூணு தடவ போனேன். காண்டம் வேணாம்ட்டான். நீ ஏற்கனவே நோயாளிதானே, ரத்தம் பாக்குறவதானேன்னு சொல்லிச் சிரிச்சான்."

"எப்போடி? மூணு நாளைக்குள்ள வந்திருந்தா நோய் தொத்தாம இருக்க மாத்திர குடுத்திருப்பாங்களேடி. சொல்லிக் குடுத்திருக்கேனே."

"எங்க வர்றது? பேர வெளிய விடுற ஆபீசுக்கா?"

வக்கீல் இருக்கிறார், அவன்மேல் புகார் கொடுக்கலாம் என்றாள் அமிர்தம். "புகார்ல எம்பேர இன்னான்னு எழுதுவாங்க?" என்று தமிழ்ச்செல்வி கேட்டாள். பேர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வழியுண்டு, வக்கீல் சொல்வார் என்று அமிர்தம் சொன்னாள். சொல்லும்போதே, இதைக் கேட்டு இவள் ஏன் நம்ப வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது.

"ஒன் போன குடு" என்றாள் தமிழ்ச்செல்வி. அமிர்தம் பூட்டைத் திறந்து கொடுத்தாள். அவள் தன் நம்பரைத் தேடி எடுத்தாள். 'தமிழ்ச்செல்வி கம்மாபுரம் ரத்தம் ஜூன்' என்று இருந்ததை வாய்விட்டு ஒருமுறை படித்தாள். அழித்தாள். "பிரீதா மேடம் மேல பழி போட்டப்ப நான் ஏன் நம்பினேன் தெரியுமா? நீ சொன்ன. நீ சொன்னா சரியா இருக்கும்னு நம்பினேன்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன நம்பாத. ஆனா ரத்தம் பாக்க வந்துடுடி. மேடம் மறுபடி வர்றாங்க. அவுங்ககிட்ட வா. ஒன் காலப் புடிச்சிக் கேக்குறேன்."

பஸ் கிளம்பியது. தமிழ்ச்செல்வி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

ஜூன் மாசம் முகாமை மூன்று நாள் வைத்தார்கள். பெண்கள் கேட்டுக்கொண்டதற்காகப் பிரீதா திரும்பி வந்தாள். அமிர்தத்துக்காக வரவில்லை, அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். முதல் நாள் முப்பத்துநாலு பேர் வந்தார்கள். ரெண்டாவது நாள் பதினேழு. அமிர்தம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஞாபகப்படுத்த நம்பர் இல்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒருத்தி வருவாளா என்று சும்மா உட்கார்ந்து எதிர்பார்ப்பதைத் தவிர அவளால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

மூன்றாவது நாள் ரெண்டு மணிக்குத் தமிழ்ச்செல்வி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வராமல், பிரீதாவை மட்டும் பார்த்து, "அவுங்க இருந்தா நான் வரல மேடம்" என்றாள். பிரீதா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அமிர்தம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எதிர்ச்சாரியில் வெயிலில் நின்றாள். வந்துவிட்டாள், அது போதும் என்று நினைத்தாள். சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தமிழ்ச்செல்வி முக்காட்டை இழுத்துவிட்டபடி வெளியே வந்து, இவள் பக்கம் திரும்பாமல், நடந்து போனாள். அவள் நடையை வைத்து எதையாவது கண்டுபிடிக்கலாமா என்று அமிர்தம் உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே பிரீதா நோட்டை பீரோவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், அவளுக்கு…"

"அத நான் சொல்ல மாட்டேன்க்கா."

"நல்லா இருக்குன்னு மட்டும்… ஒரு வார்த்த."

"யாருக்கும் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்."

பிரீதா பீரோவைப் பூட்டிச் சாவியைத் தன் பைக்குள் போட்டாள். பூட்டை இழுத்துப் பார்க்க அமிர்தத்தின் கை போகவில்லை. இப்படி ஒரு கவுன்சிலர் வேண்டும் என்றுதான் எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்டிருந்தாள். இனி தமிழ்ச்செல்விக்கு என்ன ஆயிற்று என்பது சாகிறவரைக்கும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் கிடந்த நாற்காலிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.